ஏஐ அசிஸ்டென்ட்டை கிளவுட் செலவு டூலோட சேர்க்கணும், அனுமதி இல்லைன்னே வருது. அவசரம்

கோரிமேடு கவி (வெள்ளி, மாலை 4:10)
வணக்கம். ஆபீஸ்ல ஏஐ அசிஸ்டென்ட்டை கிளவுட் செலவு டூலோட சேர்த்து வைக்கச் சொல்லிட்டாங்க. எம்டி சாட்ல வந்து "இந்த மாசம் ஏன் இவ்ளோ பில்லு"ன்னு கேட்டா அது பதில் சொல்லணுமாம். ரெண்டையும் இணைக்கற எம்சிபி சர்வர் போட்டாச்சு, கீ குடுத்தாச்சு. கேள்வி கேட்டா அனுமதி இல்லைன்னு வருது. அட்மின் பர்மிஷன் இருக்கு. எல்லாம் பார்த்துட்டேன். திங்கக்கிழமை டெமோ, யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

மேட்டூர் மின்னல்
எந்த கிளவுட்? எந்த அசிஸ்டென்ட்? விண்டோஸா, மேக்கா? எர்ரர் வரியை அப்படியே போடுங்க. வெறும் "அனுமதி இல்லை"ன்னா கலெக்டர் ஆபீஸ் விஷயம்னுகூட நினைச்சுக்கலாம்.

அஞ்சுரோடு ப்ரோ
விண்டோஸா இருந்தா சர்வரைத் தொடங்கற யூவிஎக்ஸ் கமாண்டோட பாத் பிரச்சினைதான், கண்ணை மூடிட்டு சொல்றேன். கான்ஃபிக்ல வெறும் யூவிஎக்ஸ்னு போடாம முழு பாத்தும் குடுங்க. அப்புறம் விண்டோவை மூடினா பத்தாது, கீழ ட்ரேல இருக்கற ஐகான்ல போய் க்விட் பண்ணித் திறக்கணும்.

கோரிமேடு கவி
அமேசானோட ஏடபிள்யூஎஸ்தாங்க. க்ளாட் டெஸ்க்டாப், விண்டோஸ் 11. செலவு விவரம் காட்டற காஸ்ட் எக்ஸ்ப்ளோரருக்கு ஏடபிள்யூஎஸ் லேப்ஸ் போட்ட எம்சிபி சர்வர். டூல் பேரெல்லாம் லிஸ்ட்ல வருது. கேள்வி கேட்டாத்தான் ஆக்சஸ் டினைட்.

மேட்டூர் மின்னல்
டூல் லிஸ்ட்ல வந்துட்டா பாத் சரி, சர்வரும் ஓடுது. ப்ரோ கண்ணைத் திறக்கலாம்.

ஜங்ஷன் ஜாவா
ரீஜன், அதான் எந்த ஊர் டேட்டா சென்டர்னு, என்ன போட்டிருக்கீங்க? மும்பைன்னு போட்டிருப்பீங்க. ப்ரோகிராம் வழியா கேக்கற காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் ஏபிஐ வட வர்ஜீனியாலதான் இருக்கு. யுஎஸ்-ஈஸ்ட்-1ன்னு மாத்துங்க, முடிஞ்சுது.

மேட்டூர் மின்னல்
மும்பைன்னு இருந்தாலும் அந்த லைப்ரரி தானாவே வர்ஜீனியாவுக்குத்தான் போகும். ரீஜனால ஆக்சஸ் டினைட் எப்படி வரும்?

ஜங்ஷன் ஜாவா
வரும். பல அக்கவுன்ட்டைச் சேர்த்து வெச்சிருக்கற ஆர்கனைசேஷன்ல மும்பை தவிர மத்த ரீஜனையெல்லாம் எஸ்சிபி, அதாவது சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி, போட்டு அடைச்சிருந்தா, வர்ஜீனியாவுக்குப் போற காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் காலும் சேர்ந்து அடைபடும். எங்க ஆபீஸ்ல பார்த்த விஷயம் இது. எர்ரரோட வாலைப் பாருங்க, சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசின்னு இருக்கா?

கோரிமேடு கவி
பாலிசி பேர் எதுவும் வரலைங்க. இந்த யூசருக்கு காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் திறந்து விடலைங்கற மாதிரி ஒரு வரி, அவ்ளோதான்.

பழைய சர்வர்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது. ஏஐ என்றதும் அடிப்படையைப் படிக்கவே வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்சஸ் இருந்தாலும், அக்கவுன்ட்டுக்குள் உருவாக்கிய ஐஏஎம் யூசர் பில்லிங்கைப் பார்க்க முடியாது. முதலில் அக்கவுன்ட்டின் உரிமையாளரான ரூட் யூசர் உள்ளே நுழைந்து, அக்கவுன்ட் பக்கத்தில் "பில்லிங்குக்கு ஐஏஎம் அனுமதி" என்பதை ஆக்டிவேட் செய்ய வேண்டும். இது ரூட்டால் மட்டுமே முடியும். காஸ்ட் எக்ஸ்ப்ளோரரை முதல்முறை கன்சோலில் திறந்து எனேபிள் செய்ய வேண்டும்; டேட்டா வர 24 மணி நேரம் வரை ஆகும். எனவே இன்று செய்தால்தான் திங்கட்கிழமைக்கு உதவும்.

கொண்டைஊசி
விஷயம் சரிங்கய்யா, அதைக் கொஞ்சம் தணிவா சொன்னா என்ன குறைஞ்சுடும்?

கவி, ஏஐயை ஓரமா வெச்சுட்டு அதே ப்ரொஃபைல்ல டெர்மினல்ல ரெண்டு வேலை பண்ணுங்க. முதல்ல எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி, எந்த அக்கவுன்ட்ல நிக்கறீங்கன்னு தெரியும். அடுத்து டெர்மினல் கட்டளையான சிஎல்ஐலயே காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைக் கூப்பிடுங்க. அங்கயும் அதே எர்ரர் வந்தா அசிஸ்டென்ட்டைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, அட்மின் கீயை அப்படியே கான்ஃபிக் ஃபைல்ல எழுதி வெச்சிருக்கீங்களா? வேண்டாங்க. சாட்ல ஒட்டற ஏதாச்சும் டாக்குமென்ட்ல விஷமமான கட்டளை ஒளிஞ்சிருந்து அசிஸ்டென்ட் அதை நம்பிட்டா, அட்மின் கீயோட எதை வேணா அழிக்கலாம். தனி ரோல் ஒண்ணு போட்டு செலவைப் பாக்கற அனுமதி மட்டும் குடுங்க: கெட்-காஸ்ட்-அண்ட்-யூசேஜ், கெட்-காஸ்ட்-ஃபோர்காஸ்ட், கெட்-டைமென்ஷன்-வேல்யூஸ், கெட்-டேக்ஸ்.

லீபஜார் கணக்கன்
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எம்சிபின்னா என்னங்க?

மேட்டூர் மின்னல்
க்ளாடைச் செய்யற ஆந்த்ரோபிக் 2024 நவம்பர்ல வெளியிட்ட பொது நெறிமுறைங்கண்ணா. அசிஸ்டென்ட் வெளில இருக்கற டூலைக் கூப்பிடறதுக்கு எல்லாருக்கும் ஒரே வழி. செலவு டூலுக்கு ஒண்ணு, டேட்டாபேஸுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா கோடு எழுத வேண்டியதில்ல.

லீபஜார் கணக்கன்
அப்ப இது எதுக்குன்னுதான் புரியல. மாசம் ஒரு சிஎஸ்வி இறக்கி எக்செல்ல பிவட் போட்டா எல்லாம் தெரியுதே. 2024 பிப்ரவரி 1ல இருந்து ஏடபிள்யூஎஸ்ல பப்ளிக் ஐபிவி4ங்கற இன்டர்நெட் முகவரி ஒவ்வொண்ணுக்கும் மணிக்கு 0.005 டாலர்னு ஆச்சு. ஒரு முகவரிக்கு மாசம் 3.60 டாலர். எங்க க்ளையன்ட் ஒருத்தர்ட்ட யாரும் தொடாத முகவரி வரிசையா கிடந்துச்சு, பிவட்லதான் புடிச்சேன். உங்க ஏஐ தானா வந்து சொல்லுமா?

ஜங்ஷன் ஜாவா
கேட்டா சொல்லும்ணா. "வேலை இல்லாம காசு திங்கறது எது"ன்னு ஒரு வரி கேட்டாப் போதும். எம்டிக்கு பிவட் போடத் தெரியாதுல்ல.

லீபஜார் கணக்கன்
எம்டிக்குத் தெரியாட்டி என்ன, கணக்கன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்? அதுவும் ஒவ்வொரு ஏபிஐ காலுக்கும் 0.01 டாலர் வாங்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். செலவைப் பாக்கறதுக்கே செலவா?

மேட்டூர் மின்னல்
உண்மைதான். கன்சோல்ல பார்த்தா இலவசம், ஏபிஐல கேட்டா பதிலோட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சென்ட். ஒரு கேள்விக்கு அசிஸ்டென்ட் நாலஞ்சு தடவை கூப்பிடும். மனுஷன் கேட்டா அது பெரிய காசில்ல. யாராச்சும் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடற மாதிரி ஏஜென்ட் எழுதி வெச்சாத்தான் வலிக்கும். அதனால லாபமும் கிடையாது, காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் டேட்டா நாளைக்கு ஒரு தடவையாவது புதுசாகும்னுதான் சொல்லியிருக்காங்க, நிமிஷத்துக்கு நிமிஷம் மாறாது.

பழைய சர்வர்
கணக்கர் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. இந்த ஏபிஐயில் ஆரம்பத் தேதி கணக்கில் சேரும், முடிவுத் தேதி சேராது. ஜூன் 1 முதல் ஜூன் 30 என்று கேட்டால் 30ஆம் தேதிச் செலவு விடுபடும். ஜூலை 1 என்று கொடுக்க வேண்டும். அசிஸ்டென்ட் இதில் தவறினாலும் பதில் தயக்கமே இல்லாமல் வந்து விழும். எம்டி அதை நம்பிவிடுவார். சலுகைத் தொகையான கிரெடிட் இருக்கும் அக்கவுன்ட்டில் செலவும் கிரெடிட்டும் கழிந்து பூஜ்யம் காட்டும். செலவா கிரெடிட்டா என்று சொல்லும் ரெக்கார்ட் டைப்பைப் பிரித்துக் கேட்கத் தெரியவேண்டும்.

லீபஜார் கணக்கன்
அதான் நானும் சொல்றேன்! அதுவும் அது டாலர்ல சொல்லும். நம்ம கைக்கு வர்ற இன்வாய்ஸ் ரூபாய்ல, 18 சதவீதம் ஜிஎஸ்டியோட. ரெண்டும் ஒத்துப்போகலைன்னு ஆடிட்டர் என்னைத்தான் கேப்பார், ஏஐயைக் கேக்கமாட்டார்.

அஞ்சுரோடு ப்ரோ
ஃபயர்வாலா இருக்குமோ?

மேட்டூர் மின்னல்
ப்ரோ, ஏடபிள்யூஎஸ்ல இருந்தே பதில் வருது. ஃபயர்வால் எங்க இருந்து வந்துச்சு?

கோரிமேடு கவி (இரவு 9:35)
சிஎல்ஐலயும் அதே எர்ரர்தாங்க. ரூட் லாகின் எங்க யார்கிட்டயும் இல்ல. கன்சோல்ல பில்லிங் பக்கமும் காலியாத்தான் இருக்கு, எப்பவுமே அப்படித்தான். பில்லு மாசாமாசம் சென்னைல இருந்து ஒருத்தர் மெயில்ல பிடிஎஃப்பா அனுப்புவார்.

கொண்டைஊசி
இதை முதல் வரில சொல்லியிருக்கணும் தங்கச்சி.

நீங்க ரீசெல்லர் மூலமா வாங்கியிருக்கீங்க. உங்க அக்கவுன்ட் அவங்க ஆர்கனைசேஷனுக்குக் கீழ ஒரு மெம்பர் அக்கவுன்ட். மெம்பர்கள் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைப் பாக்கலாமா வேண்டாமான்னு மேல இருக்கற மேனேஜ்மென்ட் அக்கவுன்ட்தான் முடிவு பண்ணும். காஸ்ட் மேனேஜ்மென்ட் ப்ரிஃபரன்சஸ்ல "லிங்க்டு அக்கவுன்ட் ஆக்சஸ்"னு ஒரு டிக் இருக்கு. ரீசெல்லருங்க சில பேர் தங்களோட தள்ளுபடி வெளில தெரிய வேண்டாம்னு அதை எடுத்து வெச்சிருப்பாங்க. அது இல்லாம நீங்க எந்த பாலிசி எழுதினாலும் நடக்காது.

மெயில் போடாதீங்க, ஃபோன் போடுங்க. "லிங்க்டு அக்கவுன்ட்டுக்கு காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் திறங்க, ரூட் உங்ககிட்ட இருந்தா பில்லிங்குக்கு ஐஏஎம் அனுமதியும் ஆக்டிவேட் பண்ணுங்க"ன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிடுங்க. தள்ளுபடியை மறைக்கணும்னா பில்லிங் கண்டக்டர்ங்கற ஏடபிள்யூஎஸ் டூல்ல தனி ரேட் போட்டுத் தரலாம், அவங்களுக்கே தெரியும். அப்படிப் போட்டா நீங்க பாக்கறது அவங்க போட்ட ரேட்டாத்தான் இருக்கும், எம்டிகிட்ட அதையும் சொல்லி வைங்க.

ஜங்ஷன் ஜாவா
ஆர்கனைசேஷன்ல இருந்து அடைச்சிருக்காங்கன்னு முதல்லயே சொன்னேன்ல.

மேட்டூர் மின்னல்
நீங்க சொன்னது ரீஜனை.

ஜங்ஷன் ஜாவா
அடைச்சது அடைச்சதுதான்.

பழைய சர்வர்
நான் சொன்ன ரூட் விஷயமும் இதில் அடக்கம் என்பதைக் கவனிக்கவும்.

லீபஜார் கணக்கன்
கொண்டைஊசி தம்பி, நீங்க ஏற்காட்டுல இருந்தா வேலை பாக்கறீங்க? மேல நெட்டு நிக்குதா? என் மச்சினன் அடிவாரத்துலயே சிக்னல் இல்லைங்கறான்.

கொண்டைஊசி
ஏரிப் பக்கம் ஃபைபர் இருக்குங்கண்ணா. மழைல கரண்ட் போனா யூபிஎஸ் தாங்கற வரைக்கும்தான். மச்சினன் சிம்மை மாத்தச் சொல்லுங்க.

அஞ்சுரோடு ப்ரோ
ஏற்காட்டுல உக்காந்து கிளவுட் பாக்கறவருக்கு ஜன்னலைத் திறந்தாலே போதுமே 😄

கோரிமேடு கவி (திங்கள், காலை 11:20)
அவங்க திறந்து விட்டுட்டாங்க. வருது. எல்லாருக்கும் நன்றி, டெமோ இருக்கு.

கொண்டைஊசி
நல்லது. அட்மின் கீயை மாத்திட்டீங்களா?

லீபஜார் கணக்கன்
ஏஐ சொன்ன தொகையும் பிடிஎஃப் தொகையும் ஒண்ணா இருந்துச்சா? அதைச் சொல்லிட்டுப் போங்கம்மா.

கொண்டைஊசி (புதன்)
கவி? கீ?

சூரமங்கலம் 7 (வியாழன்)
எனக்கும் இதே பிரச்சினைதான் சார், ஆனா மைக்ரோசாஃப்டோட அஷூர். காஸ்ட் மேனேஜ்மென்ட் ரீடர் ரோல் குடுத்தும் அசிஸ்டென்ட்டுக்குத் தொகை வரல. நாங்களும் பார்ட்னர் மூலமாத்தான் வாங்கறோம்.

பழைய சர்வர்
புது இழை தொடங்கவும்.

கொண்டைஊசி
அதுக்குள்ள சொல்லிடறேன். அங்கயும் கதவு பார்ட்னர் கையிலதான். அஷூர் ப்ளானுக்கு செலவு தெரியணும்கற பாலிசியை அவங்க பக்கத்துல இருந்து உங்களுக்கு ஆன் பண்ணணும். அப்புறமும் நீங்க பாக்கறது சில்லறை விலைதான், அவங்க உங்களுக்குப் போடற விலை இல்ல. ரோலை அப்படியே விட்டுட்டு அவங்களைக் கூப்பிடுங்க.