தந்தையார் கொடுத்த கீழாநெல்லி: நாற்பது ஆண்டு நம்பிக்கையை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

கேள்வி
எழுதியவர்: வடவாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். காலஞ்சென்ற என் தந்தையார் பரம்பரை வைத்தியர் அல்லர், விவசாயி. ஆயினும் சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கண் மஞ்சள் பூத்தாலும் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். விடியுமுன் கொல்லைக்குப் போய்க் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மைய அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார். மூன்று நாள் மருந்து, அதன்பின் உப்பும் புளியும் எண்ணெயும் நீக்கிய பத்தியம். காசு வாங்கினால் மருந்து பலிக்காது என்பதில் அவர் மிக உறுதியாக இருந்தார். நானும் பதினைந்து வயதிலிருந்து அரைத்துக் கொடுத்திருக்கிறேன். குணமானவர்கள் ஒரு மாதம் கழித்து வாழைத்தாரும் தேங்காயுமாக வந்து நிற்பதைக் கண்டு வளர்ந்தவனுக்கு, இந்த மருந்தில் ஐயம் என்ற ஒன்று தோன்றவே இல்லை.

தந்தையாருக்குப் பின் நானே கொடுக்கத் தொடங்கினேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தையின் கணவருக்குக் காமாலை கண்டது. உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது, வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். முதல் மூன்று நாளில் குறையவில்லை என்று இரண்டாம் முறையும், பின்னர் மூன்றாம் முறையும் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போனபோது, பித்தநாளத்தை ஒரு கட்டி அடைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் அதிக நாள் இருக்கவில்லை. அத்தை இன்றுவரை என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. அதுவே என்னை அதிகமாக வருத்துகிறது.

அந்தத் துக்கத்துக்குப் பின் தந்தையாரின் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வந்தவர் பெயர், ஊர், தேதி எல்லாம் அவர் கையெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. திரும்பி வந்து சொன்னவர்களின் பெயருக்கு எதிரே ‘குணம்’ என்று எழுதியிருக்கிறார். ஆனால் பாதிக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. இத்தனை ஆண்டுகளாக அந்த வெற்றிடம் என் கண்ணில் படவே இல்லை.

என் கேள்வி இதுதான். கண்ணாரக் கண்டு வளர்ந்த ஒரு நம்பிக்கையை அதே கண்ணால் எப்படி ஆராய்வது? அப்படி ஆராய்வது தந்தையாரைப் பொய்யர் ஆக்குவதாகுமா?

பதில் 1
எழுதியவர்: ஆய்வுக்கூடத்தில் முப்பதாண்டு

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தையார் கண்டது உண்மை, பொய் அல்ல. மருந்து குடித்தார்கள், குணமானார்கள், இரண்டும் நடந்தவை. முன்னதால்தான் பின்னது நடந்ததா என்பது மட்டுமே ஆராய வேண்டியது.

காமாலை என்பது நோயின் பெயர் அன்று. இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மிகுந்துவிட்டது என்பதற்கான அடையாளம். நம் ஊர்களில் அசுத்தமான குடிநீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகிய வைரஸ்களால் வரும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். உடல்நலமுள்ள பெரியவர்களுக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றினாலும் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தாமே அந்த வைரஸை வென்றுவிடுகிறார்கள். கண் நன்றாக மஞ்சளான பிறகுதான் ஒருவர் உங்கள் திண்ணைக்கு வந்திருப்பார். நோய் ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் வேளையும் அநேகமாக அதுவே. அந்த வேளையில் மோரை மட்டும் கொடுத்திருந்தாலும் வாழைத்தார் வந்திருக்கும்.

கீழாநெல்லியை யாரும் சோதிக்காமல் ஒதுக்கிவிடவில்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பணிக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் சேர்ந்து, அந்த வைரஸை நெடுங்காலம் உடலில் தாங்கியிருந்தவர்களிடம் இதைச் சோதித்து, 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு 30 நாள் கீழாநெல்லி, மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்றுப் பொடி. மருந்து உண்டவர்களில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் உடலில் இருப்பதற்கு அடையாளமான அதன் மேலுறைப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. வெற்றுப் பொடி உண்டவர்களில் 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. அச்செய்தி ஆய்வுக்கூடங்களில் எத்தகைய எழுச்சியை உண்டாக்கிற்று என்பதை நான் நேரில் அறிவேன். நம் கொல்லைச் செடி உலகையே காக்கப் போகிறது என்று நானும் மனமார நம்பினேன்.

பின்னர் தாய்லாந்து உள்ளிட்ட நாடுகளில் அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. 2011-இல், மருத்துவச் சோதனைகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினர் அதுவரையிலான சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, வெற்று மருந்தைவிட இது மேலானது என்று ஏற்கத்தக்க சான்று இல்லை என்று முடிவு கூறினார்கள். எனக்கு அது எளிதில் செரிக்கவில்லை. முதல் ஆய்வை ஒரே வாசிப்பில் ஏற்றுக்கொண்ட நான், பின்னர் வந்தவற்றில் மட்டும் குறை தேடி வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்ததை ஒருநாள் உணர்ந்தேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே, அந்தக் கண் அன்று எனக்கிருந்தது.

பதில் 2
எழுதியவர்: சித்த மருத்துவன்

மேலே எழுதிய ஐயாவின் விவரங்களை மறுக்கவில்லை. ஆனால் இரண்டைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, கீழாநெல்லி என்ற பெயரில் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய பல செடிகள் பறிக்கப்படுகின்றன. மண்ணும் பருவமும் மாறினால் செடியின் சத்தும் மாறும். வேறு நாட்டில் வேறு முறையில் தயாரித்த பொடி பலிக்கவில்லை என்பதால் செடியே பயனற்றது என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. இரண்டாவது, முறையாகப் பயின்ற சித்த மருத்துவர் எவரும் எல்லாக் காமாலைக்கும் ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுப்பதில்லை. நாடி, நீர், மலம், நாக்கு என்று பார்த்து வகை பிரிக்கிறோம், இரத்தப் பரிசோதனையும் கேட்கிறோம். மலம் வெளுத்து அரிப்பும் இருந்தால் ஸ்கேன் எடுத்து வரச் சொல்லாமல் நான் மருந்து எழுதுவதில்லை. ஐயாவின் உறவினருக்கு நேர்ந்த தாமதத்துக்குச் செடியைவிட, வகை பிரிக்காமல் கொடுத்ததே காரணம் என்று கருதுகிறேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நவீன மருத்துவமும் இந்நோயில் பல ஆண்டுகள் தவறாக எண்ணியிருந்தது. 1955 இறுதியில் டெல்லியில் யமுனை வழியாகக் கழிவுநீர் குடிநீரில் கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஹெபடைடிஸ் ஏ என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்து, அது ஏ அன்று என்று 1980-இல் வெளியிட்டார்கள்.

பதில் 3
எழுதியவர்: ஆய்வுக்கூடத்தில் முப்பதாண்டு

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. டெல்லி எடுத்துக்காட்டு மிகச் சரியானது. கால் நூற்றாண்டு கழித்தும் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்க்க முடிந்ததே, தவறு என்று காட்டக்கூடிய பொருளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான். 1983-இல் வெளியான ஓர் ஆய்வில் சோவியத் அறிவியலாளர் மிகைல் பலயான், ஏற்கெனவே ஏ வகைக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த தம் உடலையே சோதனைக்களமாக்கி, நோயாளிகளின் மலத்திலிருந்து வடித்தெடுத்ததைக் குடித்து, நோயுற்று, இன்று ஹெபடைடிஸ் ஈ என்று அழைக்கப்படும் அந்தப் புதிய வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். எவரும் பின்பற்றத் தகாத செயல்தான், ஆனாலும் விடை எதுவாயினும் ஏற்கத் துணிந்த மனத்தை அதில் காண்கிறேன்.

செடியின் வகை மாறியிருக்கலாம் என்பதும் நியாயமான கருத்தே. ஆனால் அதைச் சோதனைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். இந்த வகை, இந்த மாதத்தில் பறித்தது, இத்தனை நாள் கொடுத்து இன்ன மாற்றம் வராவிட்டால் என் எண்ணத்தைக் கைவிடுகிறேன் என்று முன்கூட்டி எழுதி வைத்தால் அது ஆராய்ச்சி. தோற்ற பின் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கண்டுபிடித்தால், அந்த நம்பிக்கை என்றைக்கும் தோற்காது, அதிலிருந்து நாம் எதையும் கற்கவும் முடியாது.

பதில் 4
எழுதியவர்: ஓய்வுபெற்ற செவிலி

தம்பி, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவள் நான், ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1956-இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளை வெயில் படும்படி முற்றத்துக்குக் கொண்டுபோய் வைப்பார். ஒருநாள் மருத்துவர்கள் பார்வையிட வந்தபோது ஒரு குழந்தையின் உடல் முழுவதும் வெளிறியிருக்க, துணியின் முனை மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததைக் காட்டினார். அந்தக் கண்டறிதலிலிருந்து பிறந்ததுதான் நீல ஒளி விளக்குச் சிகிச்சை. அவர் கண்டதும் உங்கள் தந்தையார் கண்டதைப் போன்ற ஒரு நேரடிக் காட்சியே. ஆனால் ஒரே குழந்தையில், ஒரே நாளில், ஒளி பட்ட தோலும் படாத தோலும் அருகருகே இருந்தன. உங்கள் திண்ணையில் அந்த மூடிய முக்கோணம் கிடையாது, மருந்து உண்ணாமல் வீட்டில் இருந்தவர்கள் உங்கள் பார்வைக்கு வரவே இல்லை.

இன்னொன்று. நம்பிக்கையைச் சோதிக்கும் வரை நோய் காத்திருக்காது. மலம் வெளுத்தல், விடாத அரிப்பு, உடல் இளைத்தல், பேச்சில் தடுமாற்றம், இரத்தக்கசிவு, இவற்றுள் ஒன்று இருந்தாலும் ஒருநாள்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கருவுற்ற பெண்ணுக்குக் காமாலை என்றால் பேச்சே இல்லை, கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ தாயின் உயிரையே கொண்டுபோகக்கூடும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் மிகுந்தாலும் வெயிலை நம்பியிராமல் மருத்துவமனைக்கே எடுத்துச் செல்ல வேண்டும்.

உங்கள் அத்தையிடம் போய்ப் பேசுங்கள் தம்பி. அவர் கடிந்துகொள்ளவில்லை என்பதை எண்ணித் தனியே வருந்திக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

மறுமொழி
எழுதியவர்: வடவாற்றங்கரை

விடையளித்த மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நோட்டுப் புத்தகத்தில் வெற்றிடம் உள்ள பெயர்களில் உள்ளூர்க்காரர்களையும் பக்கத்து ஊர்க்காரர்களையும் தேடிப் போகத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினொரு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஏழு பேர் குணமாகி, சொல்ல வர நேரமில்லாமல் இருந்தவர்கள். இருவர் மருத்துவமனைக்குப் போய்ப் பிழைத்தவர்கள். ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். ஒரு வீட்டில், தந்தையாரின் பெயரைச் சொன்னதும் ஓர் அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். அவருடைய மருமகள்தான், மகன் இறந்த ஆண்டைச் சொன்னாள். அதையும் அந்தப் பெயருக்கு எதிரே எழுதினேன். எழுதும்போது கை நடுங்கிற்று.

அத்தையிடம் போனேன் அம்மா. ஆறு வாரத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர், “உங்கப்பா இருந்திருந்தாலும் அதைத்தாண்டா கொடுத்திருப்பார்” என்றார். பிறகு காபி போட்டுக் கொடுத்தார்.

நேற்று விடியற்காலை ஓர் இளைஞரை அவருடைய தாயார் அழைத்து வந்திருந்தார். கொல்லைப்பக்கம் போகாமல், இரத்தப் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நானே பேருந்து நிறுத்தம் வரை உடன் சென்றேன். நோட்டில் அவர் பெயரையும் எழுதியிருக்கிறேன். வரும் ஞாயிறு நானே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன்.