'சப்கிரியேஷன்' தமிழில்: வழிப்படைப்பா, புனையுலகா?

அனைவருக்கும் வணக்கம்.

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பிறப்பு, போர்க்களம், ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பணி எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. 1939-இல் செயின்ட் ஆண்ட்ரூசில் அவர் ஆற்றிய உரையில் நின்றுவிட்டேன். இறைவனின் படைப்புக்கு உட்பட்டு மனிதனும் ஓர் உலகைப் படைக்கிறான் என்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சப்கிரியேஷன்'. 'துணைப்படைப்பு' என்று போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை.

*

தம்பி, துணை வேண்டாம். துணைத்தலைவர் போல உதவிக்கு நிற்பது என்றாகிவிடும். தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள்: 'முனைவன் கண்டது முதனூல்', அதன்வழி வருவது வழிநூல். முனைவனை இறைவன் என்று கொள்வோரும் உண்டு. முதற்படைப்பு அவனுடையது, கலைஞனுடையது வழிப்படைப்பு. டோல்கீன் ஆழ்ந்த கத்தோலிக்கர். இந்தச் சொல்லில் அவர் பணிவும் வந்துவிடும்.

*

> கலைஞனுடையது வழிப்படைப்பு

ஐயா, அதே மரபியலில் வழிநூல் வகை நான்கு: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. வாசகருக்கு இது தழுவல் என்றே படும். டோல்கீனோ மொழிகளை முதலில் ஆக்கி, பிறகு அவற்றுக்கு ஓர் உலகம் தேடியவர். குவென்யாவில் ஃபின்னிய மொழியின் சாயலும் சிந்தாரினில் வெல்ஷின் சாயலும் உண்டு. ஆனால் இரண்டும் அவருடைய மொழிகள். 'புனையுலகு' என்போம். புனைதல் பொய் சொல்வதல்ல. பூவைத் தொடுப்பதும் புனைதல், வண்ணம் தீட்டுவதும் புனைதல். நெடுநல்வாடையின் 'புனையா ஓவியம்' நினைவிருக்கிறதா?

*

அம்மா, நெடுநல்வாடை சரி. ஆனால் புனையுலகு விளைந்த பொருள். தம்பி கேட்பது செயலின் பெயர். டோல்கீனே இரண்டையும் பிரித்து, விளைந்ததை 'இரண்டாம் உலகம்' என்கிறார்.

*

திரிசங்குவுக்காக விசுவாமித்திரர் புது விண்மீன்களைப் படைத்தாரே, அது இதற்குப் பொருந்தாதா? யோசித்தால், அது இந்திரனோடு போட்டி போட்ட படைப்பு. இவருடையது அப்படியல்ல. மாணவர்களும் படிப்பார்கள், 'உலகப்படைப்பு' என்று எளிமையாக வைத்தால் என்ன?

*

'உலகப்படைப்பு' என்றால் ஆதியாகமம்தான் நினைவுக்கு வரும். 'உட்பட்டு' என்ற பொருளும் போய்விடும்.

நேரமாகிறது என்று தம்பி பதற வேண்டாம். டோல்கீன் 1919-20-இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காக டபிள்யூ வரிசையில் வேலை பார்த்தவர். 'வால்ரஸ்' என்ற ஒரு சொல்லின் வேருக்கே திரும்பத் திரும்ப வரைவு எழுதினார். அவருக்கு ஒரு சொல் தேட இரண்டு நாள் ஆனால் தகும்.

*

வியாழன் இரவு ஆகிவிட்டது. செயலுக்கு 'வழிப்படைப்பு', விளைந்த உலகுக்குப் 'புனையுலகு' என்று வைத்துவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் 'இறைவனின் படைப்புக்கு உட்பட்டு மனிதன் படைப்பது' என்று ஒரு தொடர் சேர்த்திருக்கிறேன். மூன்று பேர் சரி என்றார்கள். எல்லோருக்கும் நன்றி.

*

தொடர் சேர்த்தது நல்லது. இரண்டாவது பக்கத்தில் அந்தத் தொடர் இருக்காது, அங்கே 'வழிப்படைப்பு' தழுவலாகத்தான் படிக்கப்படும். என் மறுப்பு அப்படியே இருக்கிறது.