ஒரே நாளில் ஜார்ஜ் கோட்டை, காளிகாம்பாள் கோயில், கோடவுன் தெரு: எந்த வரிசையில் போவது?

காவிரிக்கரை:
அடுத்த மாதம் சென்னை வருகிறோம். நான், மனைவி, 68 வயது அம்மா. தங்குவது தாம்பரத்தில். புனித ஜார்ஜ் கோட்டை, தம்பு செட்டி தெரு காளிகாம்பாள், பிறகு கோடவுன் தெருவில் லைனிங் துணியும் உள்பாவாடைத் துணியும். மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா? அம்மாவால் ஒரே மூச்சில் அரை கிலோமீட்டர் நடக்க முடியும், அதற்கு மேல் உட்கார வேண்டும். அம்மன் கோயில் என்பதால் வெள்ளிக்கிழமை போகலாம் என்று இருக்கிறோம். கார் எடுத்து வரலாமா?

மண்ணடிவாசி:
வெள்ளிக்கிழமையை முதலில் அடித்துவிடுங்கள். கோட்டை மியூசியத்துக்கு வார விடுமுறையே வெள்ளிதான். காளிகாம்பாள் கோயிலில் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம், மதியம் ஜும்மா தொழுகை நேரத்தில் மண்ணடிப் பக்கத் தெருக்களும் நிரம்பிவிடும். ஞாயிறும் வேண்டாம், மொத்த விற்பனைக் கடைகளில் பெரும்பாலானவை ஷட்டர் இறக்கியிருக்கும். மிச்சத்தில் சனிக்கிழமை நல்லது. தலைமைச் செயலகம் விடுமுறை என்பதால் கோட்டைக்குள் கூட்டமும் வண்டியும் குறைவு. சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாளானால் வாயிலில் கெடுபிடி கூடும், செய்தித்தாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கார் வேண்டவே வேண்டாம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் நிறுத்த இடம் தேடுவதற்குள் கோயில் நடை சாத்திவிடுவார்கள். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில் ஏறி, பார்க் ஸ்டேஷன் தாண்டி வரும் கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். ஸ்டேஷன் கோட்டைக்கு மேற்கே இருக்கிறது, நீங்கள் போக வேண்டிய வாயில் கிழக்கே ராஜாஜி சாலைப் பக்கம். கோட்டையைச் சுற்றி நடப்பது அம்மாவுக்குக் கஷ்டம், அந்தத் துண்டுக்கு மட்டும் ஆட்டோ பிடியுங்கள்.

மியூசியம் 9 மணிக்குத் திறக்கும். வாயில் போலீஸிடம் 'மியூசியம்' என்று சொன்னால் போதும். ஆளுக்கு ஒரு அடையாள அட்டை இருக்கட்டும், பெரிய பை வேண்டாம். பத்தே முக்காலுக்குள் வெளியே வந்து ஆட்டோவில் தம்பு செட்டி தெரு போய்விட்டால் உச்சிக்கு முன் தரிசனம் ஆகிவிடும். 12 மணி வாக்கில் நடை சாத்தினால் பிறகு சாயங்காலம்தான். கோயிலிலிருந்து பாரிமுனை வந்து சாப்பாடு, அம்மா அங்கேயே கொஞ்சம் உட்காரட்டும், அதற்குப் பின் கடை.

திரும்பும்போது கோட்டை ஸ்டேஷனில் ஏறாதீர்கள். பீச்சில்தான் வண்டி கிளம்புகிறது, அங்கே ஏறினால் மூவருக்கும் உட்கார இடம் கிடைக்கும்.

கல்லும்சுண்ணாம்பும்:
மேலே சொன்ன வரிசை சரி. உள்ளே போய் எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன், இல்லாவிட்டால் பீரங்கி பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவீர்கள்.

மியூசியம் இருப்பது 1795இல் கட்டி முடித்த பழைய வணிகர் மன்றக் கட்டடம். உள்ளே கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலையின் முகத்தைப் பார்ப்பதை விடப் பீடத்தைப் பாருங்கள்: 1792இல் திப்புவின் இரு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி அதில் செதுக்கியிருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடியும் இங்கேதான் கண்ணாடிக்குள் இருக்கிறது. மாடிப்படி அம்மாவுக்கு முடியாவிட்டால் கீழ்த்தளமும் கொடியும் போதும்.

பக்கத்தில் 1680இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயம். கூரையை அண்ணாந்து பாருங்கள், மர உத்திரம் கிடையாது. குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று முழுக்க செங்கல் வளைவாகக் கட்டியது, சுவரே 4 அடி கனம். வெளியே தரையில் வரிசையாகப் பதித்த கல்லறைக் கற்களைப் பார்த்து அங்கே புதைத்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கல்லறைத் தோட்டம் இருந்தது இப்போதைய சட்டக் கல்லூரிப் பக்கம். 1758–59 முற்றுகையில் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளை மறைவிடமாகப் பயன்படுத்தியதால், பிறகு இடித்துக் கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்தார்கள்.

இந்தக் கணக்குப் புரிந்தால் நீங்கள் போகும் வழியே விளங்கும். கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே ஏன் அவ்வளவு இடைவெளி? 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அப்போதும், 1749இல் ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்த பின்பும், சுவரை ஒட்டி இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் பட்டணம் இடிக்கப்பட்டது. எதிரி ஒளிய இடமும் இருக்கக் கூடாது, கோட்டைப் பீரங்கிக்கு மறைப்பும் இருக்கக் கூடாது. சென்னகேசவர் கோயிலும் அப்படி 1757இல் போனதுதான், இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் இடம். அதற்கு ஈடாகக் கட்டியதுதான் இன்றைய பூக்கடைப் பகுதி இரட்டைக் கோயில். 'இதற்குத் தெற்கே கட்டடம் கூடாது' என்று 1773இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்னும் நிற்கிறது. சாப்பிடப் போகும்போது பார்த்துவிடலாம்.

கோட்டைக்குள் ராணுவ, செயலகக் கட்டடங்களை மட்டும் போட்டோ எடுக்காதீர்கள்.

பன்னாபார்த்துவாங்கு:
துணி விஷயம். கோடவுன் தெரு பிராட்வே தாண்டி மேற்கே. காளிகாம்பாளிலிருந்து அம்மாவின் ஒரே மூச்சு அளவைத் தாண்டும், நடுவில் உட்கார வையுங்கள் அல்லது ரிக்‌ஷா.

அது மொத்த வியாபாரத் தெரு. பல கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரமாட்டார்கள், முழுத் தானாக, அதாவது முழுச் சுருளாகத்தான் எடுக்க வேண்டும். நுழைந்ததும் 'ரீடெயில் உண்டா?' என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வாதாடாமல் அடுத்த கடை. விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கூடவே கேளுங்கள். பில் போடும்போது தொகை ஏறுவது அங்கேதான்.

லைனிங்கில் ஏமாறுவது பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில். 36 இஞ்சும் இருக்கும், 44 இஞ்சும் இருக்கும், மடித்து வைத்தால் வித்தியாசம் தெரியாது. விரித்து டேப் வைத்துப் பாருங்கள். 44இல் 80 செ.மீ. போதும் என்கிற ரவிக்கைக்கு 36இல் ஒரு மீட்டர் வேண்டும், அதனால் மலிவு என்று நினைத்தது மலிவில்லாமல் போகும். மேட்சிங்குக்குப் புடவை முந்தானையைக் கையோடு கொண்டுபோய், கடை டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். அறுத்த துணியைத் திரும்ப வாங்குவதில்லை.

மூன்று மணிக்கு மேல் லோடு ஏற்றுவார்கள். தலையில் மூட்டையோடு வருபவர் 'வழி, வழி' என்றால் சுவரோரம் ஒதுங்குங்கள், அவரால் நிற்க முடியாது.

காவிரிக்கரை:
சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். அம்மாவைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போகாமல் இருக்க வழி உண்டா?

மண்ணடிவாசி:
உண்டு. சாப்பாடு முடிந்ததும் நீங்களும் அம்மாவும் பீச் ஸ்டேஷன் போய் நிழலில் உட்காருங்கள், மனைவி மட்டும் கடைக்குப் போகட்டும். ஆறு மணிக்கு முன் அவர் வந்துவிட்டால் கூட்ட நெரிசலுக்கு முன் ரயில் பிடிக்கலாம். தாமதமானால் ஸ்டேஷனுக்கு எதிரே செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலம் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் வண்டிகள் போட்டுவிடுவார்கள். புளித்தண்ணீரும் மிளகாயும் தூக்கலாக இருக்கும், அம்மாவுக்கு வாழைத்தண்டு சூப் மட்டும் கேளுங்கள்.