இடது காதில் என்ன ஓடியது? உங்களுக்குப் பட்டதைச் சொல்லுங்கள்

கடைசி பெஞ்ச்:

எம்.எஸ்சி. உளவியல் படித்தபோது ஆய்வகத்தில் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். வலது காதில் யாரோ ஒரு கட்டுரை வாசிக்கிறார். அதைக் கேட்கக் கேட்க நான் வார்த்தை மாறாமல் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். இடது காதிலும் ஒரு குரல் ஓடும், அதைக் கண்டுகொள்ளாதே என்றார் மேடம்.

முடிந்ததும் கேட்டார்: "இடது காதுல என்ன ஓடிச்சு?"

"ஒரு பொண்ணு பேசினாங்க மேடம்."

"என்ன பேசினாங்க?"

விழித்தேன். "சரி, எந்த மொழி?" என்றார். தமிழ்தான் என்று அடித்துச் சொன்னேன். பாதியிலேயே மலையாளத்துக்கு மாறியிருந்ததாம். அதைவிடக் கொடுமை, நடுவில் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவே இல்லை.

1953இல் காலின் செர்ரி செய்த சோதனையின் எங்கள் ஊர்ப் பதிப்பு அது. கூட்டத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரு குரலை மட்டும் எப்படிப் பிடித்துக்கொள்கிறோம் என்பதுதான் அவருடைய கேள்வி. அவரிடம் வந்தவர்களும் ஆண் குரல் பெண் குரலானதைச் சொன்னார்கள். ஆங்கிலம் ஜெர்மன் ஆனதைச் சொல்லவில்லை. டேப்பைப் பின்னோக்கி ஓடவிட்டபோதுகூட ஒரு சிலர்தான் ஏதோ விநோதமாக இருந்தது என்றார்கள். பெயரைச் சேர்த்துப் பார்த்தவர் நெவில் மோரே, 1959இல். மூன்றில் ஒருவருக்குத்தான் தன் பெயர் கேட்டது.

எங்கள் வகுப்பில் கேட்ட ஒருவன் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான். அப்புறம் நூலகத்தில் 2001ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று சிக்கியது. மனத்தில் ஒரே நேரத்தில் பலவற்றைத் தாங்கும் திறன் குறைந்தவர்களில் 65 சதவீதம் பேருக்குத் தங்கள் பெயர் கேட்டிருக்கிறது. திறன் மிகுந்தவர்களில் 20 சதவீதம்தான். பிரிண்ட் எடுத்து அவன் ஹாஸ்டல் கதவில் ஒட்டினேன்.

இப்படிப் பாடப்புத்தகச் சோதனை எதுவும் உங்கள் வாழ்க்கையில் குறுக்கே வந்ததுண்டா? படித்துத் தெரிந்தது வேண்டாம், பட்டுத் தெரிந்தது வேண்டும்.

எக்ஸ்ரே ரூம்:

நான் ரேடியோகிராஃபர். பதினாறு வருட சர்வீஸ். கொரில்லா வீடியோவை எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பில் போட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேஷத்தில் ஒருவர் வந்து நின்று, மார்பில் தட்டிவிட்டுப் போகிறார். சைமன்ஸும் ஷாப்ரியும் 1999இல் வெளியிட்டது. பார்த்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது கண்ணில் படவில்லை. நான் பார்த்துவிட்டேன், எண்ணிக்கையைத்தான் கோட்டைவிட்டேன்.

நம் தொழிலில் இதெல்லாம் நடக்காது என்ற திமிரோடு வேலைக்குத் திரும்பினேன். அந்த வாரமே ஒரு அம்மாவுக்கு மார்பு எக்ஸ்ரே. மூச்சு சரியாகப் பிடித்தாரா, உடம்பு திரும்பியிருக்கிறதா, நுரையீரலின் அடி விளிம்பு முழுதாக விழுந்திருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். படம் அருமை என்று அனுப்பியும் விட்டேன். பத்து நிமிடத்தில் டாக்டரிடமிருந்து போன்: "தம்பி, அந்தம்மா தாலியில இருக்கிற சேஃப்டி பின்னை யார் கழட்டுறது?" படத்தின் நட்டநடுவில், வெள்ளை வெளேரென்று இருந்தது.

பிறகுதான் டாக்டர்களுக்கும் கொரில்லா வைத்தார்கள் என்று தெரிந்து ஆறுதலடைந்தேன். 2013இல் வந்தது அந்த ஆய்வு. நுரையீரல் சி.டி. ஸ்கேனில் கட்டி தேடச் சொல்லி, அவர்கள் வழக்கமாகத் தேடும் கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லாப் படத்தைச் செருகிவிட்டார்கள். 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் அதைப் பார்க்கவில்லை. அந்த 20 பேரில் 12 பேரின் கண் நேராக அதன்மேலேயே போய் நின்றிருக்கிறது. கண் அசைவைப் பதிவு செய்யும் கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. என் கண்ணும் அந்தப் பின்மேல் நின்றிருக்கும்தான்.

லைட் கம்பம்:

இது போங்கு ஆட்டம் இல்லையா? எண்ணு என்று அவர்களே சொல்லிவிட்டு, எண்ணினவனைப் பிடித்து ஏன் கொரில்லாவைப் பார்க்கவில்லை என்பது என்ன நியாயம்?

எக்ஸ்ரே ரூம்:

அண்ணே, தினமும் யாராவது ஒருத்தர் எதையாவது எண்ணச் சொல்லித்தானே சம்பளம் கொடுக்கிறார்கள்? இன்னொன்று, இந்த யோசனை கொரில்லாவோடு பிறந்ததல்ல. 1970களிலேயே அல்ரிக் நைசர் இதே மாதிரிப் பந்தாட்ட வீடியோவில் குடை பிடித்த ஒரு பெண்ணை நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். அப்போதும் பெரும்பாலானவர்கள் கவனிக்கவில்லை.

சில்லறை இல்லை:

என்னுடையது சின்னது. பஸ்ஸில் நிற்கிறேன், போனில் ஓடிபி வந்தது. ஆறு இலக்கம். பார்த்துவிட்டேன், மனசில் இருக்கிறது. கண்டக்டர் வந்து, "நாப்பத்தேழு ரூபா, ஏழு ரூபா சில்லறை வச்சிருக்கியா, அம்பதா தர்றியா?" என்றார். அவ்வளவுதான். ஆறு இலக்கமும் காலி.

1959இல் பீட்டர்சன் தம்பதி செய்த சோதனையில் ஞாபகம் வைக்க வேண்டியது மூன்றே எழுத்து. ஆனால் உடனே ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே போகச் சொல்வார்கள். பதினெட்டு வினாடியில் பத்தில் ஒரு தடவைதான் அந்த மூன்று எழுத்து திரும்பி வந்தது. கண்டக்டர் ஐந்தே வினாடியில் செய்தார்.

ஹையர் பாஸ்:

எண்பதுகளின் கடைசி. நானும் தங்கையும் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தோம். எல்லாருக்கும் தினம் ஒரு மணி நேர பேட்ச்தான். எனக்கு அவசரம், கூடுதல் ஃபீஸ் கட்டிக் காலையில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். தங்கைக்கு ஒரு மணி நேரம் மட்டும்.

இரண்டு மாதம் கழித்து என் மணிக்கணக்கு அவளுடையதைப்போல் இரண்டு மடங்கு. வேகம் மட்டும் ஒன்றேதான். ஆனால் அந்த இரண்டு மாதமும் புலம்பியது அவள்: "அண்ணன் எங்கேயோ போயிட்டான், நான் இன்னும் ஏ எஸ் டி எஃப்ல நிக்கிறேன்." நான் நன்றாகப் போகிறேன் என்று திருப்தியாக இருந்தவன் நான்.

பல வருடம் கழித்து, 1978இல் ஆலன் பாட்லியும் லாங்மனும் வெளியிட்ட ஆராய்ச்சியைப் படித்தபோது அப்படியே எங்கள் வீட்டுக் கதை. பிரிட்டனில் கடிதங்களைப் பிரிக்க விசைப்பலகை வந்த சமயம். தபால்காரர்களை நான்கு குழுவாகப் பிரித்துத் தட்டச்சுப் பழக்கினார்கள். தினம் ஒரு மணி நேரம் பழகினவர்கள் மொத்தம் 55 மணி நேரத்தில் எட்டிய நிலையைத் தினம் நான்கு மணி நேரக்காரர்கள் 80 மணி நேரம் பழகியும் எட்டவில்லை. முறை பிடிக்கவில்லை என்று அதிகம் குறைப்பட்டுக்கொண்டது யார் தெரியுமா? ஒரு மணி நேரக்காரர்கள்! மற்றவர்கள் முன்னால் போவது கண்ணெதிரே தெரிகிறதே.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர்களுடைய 55 மணி நேரம் என்பது 55 பயிற்சி நாள், இவர்களுடைய 80 மணி நேரம் 20 நாள். பரீட்சை அடுத்த மாதம் என்றால் அந்தக் கணக்கு வேறு. தங்கையிடம் இதைச் சொன்னேன். "அந்தக் கூடுதல் ஃபீஸை இப்ப எனக்குக் குடு" என்றாள்.

வடக்கு மாடவீதி:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் எங்கள் வீடு. காலையில் கட்டிலில் படுத்திருக்கிறேன். சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர் இடதும் வலதுமாக ஆடுகிறது. ஆணியில் அட்டை உரசும் சத்தம். அப்பா வாசற்படியில் நின்று "பூகம்பம்மா, எழுந்திரு" என்கிறார். சுனாமி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இதைத்தான் சொல்வேன். என் மகளுக்கு இது மனப்பாடம்.

போன வருடம் அண்ணன் தன் பழைய மின்னஞ்சல் கணக்கைச் சுத்தம் செய்தபோது, சுனாமிக்கு மறுநாள் நான் துபாய்க்கு அவனுக்கு எழுதிய கடிதத்தை அனுப்பிவைத்தான். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அதில் இருக்கிறது: "நான் நல்லா தூங்கிட்டேன். அப்பா சொல்லித்தான் தெரியும். காலண்டர் ஆடிச்சாம்."

ஆடிச்சாம்.

மேலே குடைப் பெண்மணி சோதனைக்காக ஒருவர் சொன்ன அதே நைசர்தான் இதையும் ஆராய்ந்தவர். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே, அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தியை எங்கே, யாரிடம் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடியும் கேட்டார். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய தாளோடு பொருந்தவில்லை. சொன்ன உறுதியில் மட்டும் குறையில்லை. சொந்தக் கையெழுத்தைக் காட்டியும் பழைய ஞாபகம் யாருக்கும் திரும்பவில்லை.

நைசருக்கே இது நேர்ந்திருக்கிறது. 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்ததாகப் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார். டிசம்பரில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுவதில்லை என்பது பிறகுதான் உறைத்திருக்கிறது.

படித்தபோது சிரித்தேன். என் கடிதத்தைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அப்பா இப்போது இல்லை. "பூகம்பம்மா, எழுந்திரு" என்று அவர் சொன்னாரா என்று கேட்க ஆளில்லை. கடிதத்தில் அந்த வரியே கிடையாது.

எந்த வருடம் சொல்லும்போது அந்த 'ஆம்' உதிர்ந்ததோ. இப்போது மகளிடம் திருத்திச் சொல்லிவிட்டேன்: "காலண்டர் ஆடிச்சாம்." சொல்லும்போது கண்ணுக்குள் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது, அட்டை உரசும் சத்தத்தோடு.