கடை பேர்ல 'ழ' இருக்கு, டொமைன் (வெப்சைட் அட்ரஸ்) எப்படி எடுக்குறது?

இளம்பிள்ளை தறி: வணக்கம்ங்க, சேலம் பக்கம் வீட்லயே சேலை வியாபாரம், இதுவரை வாட்ஸ்அப்லயே ஓடுச்சு, இப்ப வெப்சைட் போடலாம்னு இருக்கேன். தாழம்பூன்னு பேரு. நெனச்ச டாட் காம் போயிடுச்சு, டாட் இன் மட்டும் மொத வருஷம் 99 ரூபான்னு காட்டுது, எடுக்கலாமா?

மதுரை_வெப்: தாராளமா எடுங்க, கஸ்டமர் எல்லாம் இங்கதான இருக்காங்க. ஆனா 99ஐ பாத்து மயங்கிடாதீங்க, ரெண்டாம் வருஷ ரினியூவல் ரேட்ட மொதல்ல பாருங்க, அங்கதான் ஏத்திடுவாங்க.

சும்மா ஒருத்தன்: விலைய விடுங்க, அந்த 'ழ'தான் தலைவலி. போன்ல சொன்னா ஒருத்தர் இசட் ஹெச் போடுவாரு இன்னொருத்தர் வெறும் எல் போடுவாரு, அதனால ரெண்டு ஸ்பெல்லிங்கையும் வாங்கி ஒண்ண இன்னொண்ணுக்குத் திருப்பி விட்டுருங்க. நடுவுல ஹைபன் வேணவே வேணாம்.

பட்டது போதும்: டொமைன் உங்க மெயில் ஐடில, உங்க பேர்லயே இருக்கணும்ங்க. எனக்கு சைட் செஞ்ச பையன் அவன் அக்கவுண்ட்ல வாங்கிட்டான், அப்புறம் போனே எடுக்கல, எக்ஸ்பைரி மெயில் எல்லாம் அவனுக்கே போச்சு. டாட் காம்ங்கிறதால ரிடெம்ப்ஷன்னு, அதாவது காலாவதியான பேரைப் பழைய ஓனரே மீட்டுக்க, 30 நாள் இருந்துச்சு, அதுக்குள்ள அவனைப் புடிச்சு அபராதம் கட்டி மீட்டேன்.

இளம்பிள்ளை தறி: அய்யோ, மச்சான் பேர்ல வாங்கலாம்னு இருந்தேன்ங்க 😅