வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் எஸ்டேட் கார்: இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பழையது வாங்கலாமா?

மழைச்சாலை எழுதியது:

வணக்கம். இருப்பது இங்கிலாந்தில், லண்டனுக்குச் சற்று வெளியே. வீட்டில் 4 வயதுப் பையன், 8 மாதப் பெண் குழந்தை. ஊரிலிருந்து அம்மா வந்தால் மூன்று நான்கு மாதம் தங்குவார். உயரமான எஸ்யூவி வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லாரும் ஒரே முடிவு. ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஆர் எஸ்டேட் (பின்னால் சாமான் இடம் நீளமான வகை) இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறோம்.

ஒன்று 2016 மாடல்: 300 பிஎஸ் (குதிரைத் திறன்), 6 கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி), 62,000 மைல், 18 அங்குலச் சக்கரம். மற்றது 2018 தொடக்கத்தில் பதிவானது: 310 பிஎஸ், 7 கியர் டிஎஸ்ஜி, 41,000 மைல், 19 அங்குலச் சக்கரம், பனோரமிக் கூரை. விலையில் கணிசமான வித்தியாசம் இருக்கிறது.

தெரிய வேண்டியவை: குழந்தை இருக்கை இரண்டு போட்ட பிறகு பின்னால் ஒரு பெரியவர் உட்கார முடியுமா? நான்கு சக்கர இயக்கத்துக்கு என்ன பராமரிப்பு? பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? வேகத்தைப் பற்றிக் கேள்வி இல்லை, அது போதும் போதும் என்று தெரியும்.

நான்காம்கியர் எழுதியது:

முதலில் நான்கு சக்கர இயக்கம். இந்தக் காரில் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

இதில் இருப்பது ஐந்தாம் தலைமுறை ஹால்டெக்ஸ், அதாவது பின் சக்கரங்களைத் தேவையானபோது இணைக்கும் அமைப்பு. சாதாரண ஓட்டத்தில் முன் சக்கரங்கள்தான் இழுக்கும். பின் அச்சுக்கு முன்னால் எண்ணெயில் மூழ்கிய தட்டுகள் கொண்ட ஒரு கிளட்ச் இருக்கிறது. சிறிய மின் பம்பு ஒன்று எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்கி அந்தத் தட்டுகளை நெருக்கினால்தான் பின் சக்கரத்துக்கு விசை போகும். தட்டுகள் தேயும்போது வரும் நுண்துகள் பம்பின் வாயில் உள்ள சல்லடையில் படியும். சல்லடை அடைத்துவிட்டால் பம்பு மூச்சுமுட்டி உழைக்கும், கடைசியில் மோட்டார் எரியும். அதற்குப் பிறகு அது வெறும் முன் சக்கர இயக்கக் கார்தான். இதில் மோசம் என்னவென்றால், மோட்டார் முழுதாகச் சாகும் வரை எச்சரிக்கை விளக்கு எரியாமலே இருக்கலாம். காய்ந்த சாலையில் வித்தியாசமும் தெரியாது.

கம்பெனி அட்டவணைப்படி 3 ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற வேண்டும். ஆனால் அந்த அட்டவணை எண்ணெயை மட்டும்தான் சொல்கிறது. பம்பைக் கழற்றிச் சல்லடையைக் கழுவுவது அதில் இல்லை. எண்ணெயை மட்டும் மாற்றினால் சேறு உள்ளேயேதான் இருக்கும். எனவே பில்லில் "ஹால்டெக்ஸ் சர்வீஸ்" என்ற வார்த்தை மட்டும் இருந்தால் போதாது. பம்பைக் கழற்றியது, சல்லடை, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) என்று எழுதியிருக்க வேண்டும்.

வேலை பெரிதல்ல. நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி காரைத் தூக்க வேண்டும், சாய்வாக இருந்தால் அளவு தப்பும். முதலில் நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள், அது திறக்கும் என்று உறுதியான பிறகே வடிக்கும் பிளக்கைத் தொடுங்கள். எண்ணெய் வடிந்ததும் பம்பின் மின் இணைப்பை எடுத்து, 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் பம்பு வெளியே வரும். போல்ட் துருப்பிடித்திருந்தால் பலவந்தம் வேண்டாம், தலை மழுங்கிவிட்டால் அரை மணி நேர வேலை அரை நாளாகும். சல்லடையைப் பிரேக் கிளீனரால் இரு பக்கமும் கழுவி, புது ஓ-ரிங்குகளில் அதே எண்ணெயைத் தடவிப் பூட்டுங்கள். 850 மில்லி பாட்டில் ஒன்று போதும். நிரப்பும் துளையில் வழியத் தொடங்கும் வரை ஊற்றி, காரின் கணினியோடு இணைக்கும் கண்டறியும் கருவியால் பம்பை ஓடவிட்டு, மட்டம் இறங்கியதும் மறுபடி ஊற்றுங்கள். பலர் இந்த இரண்டாம் ஊற்றலை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பின் டிஃபரன்ஷியலுக்கு (விசையை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரிக்கும் கியர் தொகுதி) தனி எண்ணெய் உண்டு, அதன் பிளக்கும் அருகிலேயே இருக்கிறது. அதைத் திறந்து கியர் எண்ணெயை வடித்துவிட்டு அங்கே ஹால்டெக்ஸ் எண்ணெய் ஊற்றிய வேலைகள் உண்டு. கராஜில் கொடுக்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வல்லைவெளி எழுதியது:

சீற் பற்றிச் சொல்லுறன். பின்னுக்குப் பிள்ளையளின்ரை சீற்றைப் பூட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கி இரண்டு ஓரத்திலையும்தான் இருக்கு, நடுவிலை இல்லை. ரெண்டு ஓரத்திலையும் பிள்ளையளின்ரை சீற் போட்டால் நடுவிலை பெரியாள் ஒராள் இருக்கிறது நடக்காத காரியம். இடம் ஒடுங்கல், அதோடை பின் சக்கரத்துக்குப் போற தண்டுக்காக நிலத்திலை உயரமான மேடு ஒண்டு இருக்கு, காலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான் வைக்க வேணும். அம்மாவை முன் சீற்றிலை இருத்தி, நீங்கள் ஒராள் பின்னுக்கு இருக்கிறதெண்டாலும் அதே சிக்கல்தான். நாலு பேருக்கு அருமையான கார், அஞ்சு பேரோடை மாசக்கணக்கா ஓடுறதுக்கு இல்லை. இதை முதல் யோசியுங்கோ.

8 மாசப் பிள்ளை பின்பக்கம் பார்த்தபடிதான் இருக்க வேணும். ஐ-சைஸ் எண்ட பிள்ளை சீற் விதிப்படி 15 மாசம் தாண்டும் வரைக்கும் அப்படித்தான், அதுக்குப் பிறகும் ஏலுமான காலம் அப்படியே விடுறது நல்லது. அந்தச் சீற் எவ்வளவு சரிஞ்சு நிக்குதோ அவ்வளவுக்கு முன் சீற்றை முன்னுக்குத் தள்ள வேணும். கார் பார்க்கப் போகேக்க ரெண்டு சீற்றையும் கொண்டு போய்ப் பூட்டிப் பாருங்கோ. உயரமான ஆள் முன்னுக்கு இருந்து முழங்கால் எங்கை முட்டுதெண்டு பார்க்க வேணும். விக்கிற ஆள் இதுக்கு மறுத்தால் வேறை கார் பாருங்கோ. மூத்த பிள்ளைக்கு 135 சென்ரிமீற்றர் உயரம் அல்லது 12 வயசு வரும் வரைக்கும் இங்கத்தைச் சட்டப்படி சீற் வேணும், அதாலை அந்த ஓரமும் கனகாலம் போய்விடும்.

பூட் (பின்பக்கச் சாமான் இடம்) பற்றிக் கவலையே வேண்டாம். சாதாரண கோல்ஃப் ஆரிலை 343 லீற்றர், எஸ்டேட்டிலை 605. பின் சீற்றை மடிச்சால் 1,620. தள்ளுவண்டியை மடிக்காமல் சரிச்சு வைக்கலாம். 20 கிலோ அரிசி மூட்டை, தண்ணிப் போத்தல் மாதிரிப் பாரமான சாமானை எப்பவும் கீழை, பின் சீற்றின்ரை முதுகோடை ஒட்டி வையுங்கோ. மேலுக்குக் குவிக்கிறதெண்டால் தடுப்பு வலை கட்டாயம். சடுதியா பிரேக் அடிச்சால் அந்தச் சாமான் எல்லாம் பிள்ளையளின்ரை தலைக்குத்தான் வரும்.

டயர் விசயத்திலை கஞ்சத்தனம் வேண்டாம். டயர் அளவு 18 அங்குலச் சக்கரத்துக்கு 225/40, 19க்கு 235/35. குண்டும் குழியுமான றோட்டிலை 19 அங்குல றிம் நெளியிறது வழமை, ரயரின்ரை பக்கச்சுவர் அவ்வளவு மெல்லிசு. குடும்பத்துக்கு 18தான் என்ரை தெரிவு. பாரச் சுட்டெண் 92 எண்டால் ஒரு டயர் தாங்கிறது 630 கிலோ, 91 எண்டால் 615. இதிலை குறைஞ்சதை மலிவெண்டு போட விடாதேங்கோ. ஆள் நிறைய, சாமான் நிறைய ஓடேக்க காத்தழுத்தம் வேறை, காரிலை ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரிலை ரெண்டும் போட்டிருக்கும். காத்தடிச்ச பிறகு திரையிலை போய் டயர் எச்சரிக்கையை மறுபடி பதிய வேணும். இந்தக் காரிலை வால்விலை சென்சர் இல்லை, சக்கரம் சுத்துற வேகத்தை வைச்சுத்தான் அது கண்டுபிடிக்குது.

நாலு சக்கரமும் இழுத்தாலும் பிரேக் பிடிக்கிறதுக்கு அதாலை ஒரு உதவியும் இல்லை. வெப்பம் 7 பாகைக்குக் கீழை போனால் கோடை டயர் இறுகிப் போகும். மூண்டு மலைமுகடும் பனித்துகளும் போட்ட குறியுள்ள ஓல்-சீசன் டயர் நாலும் ஒரேயடியாப் போட்டால் இங்கத்தைக் குளிருக்குக் காணும்.

மழைச்சாலை எழுதியது:

நன்றி அண்ணா, மிகவும் உபயோகமாக இருக்கிறது. அம்மா வரும் மாதங்களில் மட்டும் இன்னொரு கார் வாடகைக்கு எடுக்கலாம் என்று யோசிக்கிறோம். இரண்டு சந்தேகம். 2016 காருக்குச் சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை எல்லாம் இருக்கிறது, பில் எதுவும் இல்லை. நான்கு சக்கர இயக்கம் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? அதில் முன் டயர் இரண்டும் புதிது, பின்னால் வேறு கம்பெனி, பாதி தேய்ந்தது. இது பிரச்சினையா?

எண்ணெய்க்கை எழுதியது:

டயர் கேள்விக்கு: தடத்தின் ஆழத்தில் 1 மில்லிமீட்டர் குறைந்தால் சுற்றளவில் சுமார் 6.3 மில்லிமீட்டர் குறையும். புது டயரில் ஏறக்குறைய 8, பாதி தேய்ந்ததில் 4 அல்லது 5 என்றால் வித்தியாசம் 20 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். சுபாருவில் கால் அங்குலத்துக்கு, அதாவது சுமார் 6.4 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்பார்கள். ஹால்டெக்ஸ் அவ்வளவு கறாரானது அல்ல, கிளட்ச் தேவையானபோதுதான் இறுகுகிறது. என்றாலும் நல்ல டயர் முன்னாலும் தேய்ந்தது பின்னாலும் இருந்தால் ஈரச் சாலையில் வால் விலகும், குடும்பக் காருக்கு அது ஆகாது. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே தடம். விலை பேசும்போது நான்கு டயரின் விலையைக் கழித்துக் கேளுங்கள். பிறகு 5,000, 6,000 மைலுக்கு ஒரு முறை முன்பின் மாற்றிக்கொண்டே வந்தால் நான்கும் சேர்ந்தே தேயும்.

இனி எஞ்சின். எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போகும்போதே சூடாக வைத்திருந்தால் வேறு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கூலன்ட் தொட்டியின் மட்டம் குறைவாக இருந்தாலோ, எஞ்சினின் கியர்பெட்டிப் பக்கத்தில் இளஞ்சிவப்புப் பொருக்கு தெரிந்தாலோ வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிகிறது. இந்த இஏ888 எஞ்சினில் அது ஊரறிந்த பலவீனம். முழுத் தொகுதியாகவே மாற்ற வேண்டும், சீலன்ட் பூசி ஒப்பேற்ற முடியாது.

ஆரம்ப வருடங்களில் வந்த ஐஎஸ்38 வகை டர்போக்களில் சில உடைந்திருக்கின்றன. மாற்றியதற்குப் பதிவு இருந்தால் அது நல்ல செய்தி. காரை யாராவது ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றி விசையைக் கூட்டுவது) செய்திருக்கிறார்களா என்று டீலர் கணினியில் பார்க்கச் சொல்லுங்கள், டிடி1 என்ற குறி இருந்தால் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட காரை விட்டுவிடுங்கள். டிஎஸ்ஜி கிளட்சின் ஆயுள் தெரியாது, இன்சூரன்ஸுக்கும் சொல்லியாக வேண்டும்.

2016 காரின் 6 கியர் டிஎஸ்ஜிக்கு 40,000 மைலுக்கு ஒரு முறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். சுமார் 5.2 லிட்டர் பிடிக்கும். கியர்பெட்டி எண்ணெய் 35 முதல் 45 டிகிரி சூட்டில் இருக்கும்போதுதான் மட்டம் பார்க்க வேண்டும், அதற்குக் கண்டறியும் கருவி இல்லாமல் முடியாது. 62,000 ஓடிய காரில் இது ஒரு முறை நடந்திருக்க வேண்டும். 2018 காரின் 7 கியருக்கு இடைவெளி இன்னும் நீளம், 41,000ல் அது பிரச்சினை இல்லை.

எஞ்சின் எண்ணெய்க்கு இரண்டு வருட நெகிழ்வு இடைவெளி என்று காரில் போட்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 10,000 மைல், எது முந்துகிறதோ அதில் மாற்றுங்கள். பள்ளிக்கும் கடைக்கும் குறுகிய ஓட்டம் ஓடும் டர்போ எஞ்சினுக்கு இரண்டு வருடம் மிக நீளம். ஸ்பார்க் பிளக் 40,000 மைலில். 98 ஆக்டேன் பெட்ரோல் போடுங்கள். ஒரு காலனுக்கு 30 மைல் கிடைத்தால் நல்ல கணக்கு, 55 லிட்டர் தொட்டிக்குச் சுமார் 360 மைல்.

2018 காரின் பனோரமிக் கூரையைத் திறந்து முன் மூலைகளில் உள்ள வடிகால் துளையில் அரைக் குவளைத் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். கீழே தரையில் சொட்ட வேண்டும். தேங்கினால் அடைப்பு, அந்தத் தண்ணீர் நாளை கால்மிதிக்குள் இறங்கும். கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

நான்காம்கியர் எழுதியது:

முத்திரை மட்டும் இருக்கிறது என்றால் ஹால்டெக்ஸ் சல்லடை கழுவப்படவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்ஜி எண்ணெயும் அப்படித்தான். முத்திரை வைத்த கராஜுக்குப் போன் செய்து கார் எண்ணைச் சொன்னால் சிலர் பில் நகல் தருவார்கள், கேட்பதில் தப்பில்லை.

சோதனை இரண்டு விதம். கார் நிற்கும்போது கண்டறியும் கருவியால் பம்பை இயக்கச் சொன்னால் பின்னால் மெல்லிய ரீங்காரம் கேட்கும், பிழைக்குறியும் இருக்கக் கூடாது. ஆனால் அடைத்த சல்லடையோடும் பம்பு சத்தம் போடும். அதனால் ஓட்டியும் பாருங்கள்: ஈரப் புல் அல்லது சரளைக்கல், ஆளில்லாத இடம், ஸ்டியரிங் நேராக. நின்ற நிலையில் பாதி அளவு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒருவர் வெளியே நின்று பக்கவாட்டில் பார்க்கட்டும். நான்கும் சேர்ந்து கல்லைத் தள்ள வேண்டும். முன் சக்கரம் மட்டும் ஒரு வினாடிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தால் பின் அச்சுக்கு அழுத்தம் போகவில்லை.

போனாலும் போகாவிட்டாலும் வாங்கிய வாரமே பம்பைக் கழற்றிக் கழுவ நேரம் எடுத்துவையுங்கள். உங்கள் இரண்டு காரில் 18 அங்குலச் சக்கரமுள்ள 2016தான் வீட்டுக்குப் பொருந்தும், ஆனால் நான்கு டயர், ஹால்டெக்ஸ், டிஎஸ்ஜி எண்ணெய் மூன்றையும் விலையில் குறைத்தால் மட்டும். குறைக்க மாட்டேன் என்றால் 2018ஐ எடுத்து 18 அங்குலச் சக்கரம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இந்தக் கார்களைத் திருடர்கள் தேடி வருகிறார்கள். சாவியில்லாமல் திறக்கும் வசதி இருந்தால் இரண்டு சாவியையும் அலை தடுக்கும் பையில் போட்டு வாசலிலிருந்து தள்ளி வையுங்கள், ஸ்டியரிங் பூட்டும் போடுங்கள். இரண்டு சாவியும் கையில் வராமல் பணம் கொடுக்க வேண்டாம்.