பரண் மேல் நான்கு கூகைக் குஞ்சுகள்

குழு: கன்னங்குறிச்சி பெரிய வீடு

பெரியம்மா, காலை 7:05
அனைவரும் பார்க்கவும். வெள்ளையடிக்க வந்தவர் பரணைத் துப்புரவு செய்தபோது நான்கு ஆந்தைக் குஞ்சுகள் இருப்பதைக் கண்டார். பாம்பு போலச் சீறுகின்றன. ஒன்றை வாளியில் இறக்கி, பால் ஊற்றி வைத்திருக்கிறோம். கார்த்திகாவின் திருமணத்துக்கு இன்னும் 24 நாள்தான் இருக்கிறது. பந்தக்கால் நடுவதற்குள் இவை வீட்டை விட்டுப் போக வேண்டும்.

மதுரை அத்தை
முருகா! கல்யாண வீட்டில் ஆந்தையா?

அண்ணன்
ஏற்காட்டுச் சித்தப்பா சொல்லும் வரை யாரும் தொட வேண்டாம்.

பெரியம்மா
அவனைக் கேட்டால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். என் மகனின் நிச்சயதார்த்தத்துக்குச் சாக்குப்பையில் சாரைப்பாம்போடு வந்து நின்றவன்தானே.

சித்தப்பா, 7:31
அண்ணி, படத்தைப் பார்த்தேன். இதய வடிவில் வெள்ளை முகம் தெரிவதால் இவை கூகைக் குஞ்சுகள். முதலில், தயவுசெய்து பாலை எடுத்துவிடுங்கள்; பறவைகளுக்குப் பால் செரிக்காது, வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வாளியில் உள்ளதைத் துணியால் பிடித்து உடன்பிறப்புகளின் அருகிலேயே வைத்துவிடுங்கள்.

தங்கை
மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே?

சித்தப்பா
அது தவறான நம்பிக்கை, அம்மா. கை பட்டதற்காகப் பறவை தன் குஞ்சைக் கைவிடுவதில்லை. கூகை ஓரிரு நாள் இடைவெளி விட்டு முட்டையிடும்; முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால்தான் நான்கும் படிக்கட்டு போல நான்கு அளவில் நிற்கின்றன. மூத்ததற்கு ஐந்து வாரம் இருக்கலாம். ஏறக்குறைய எட்டு வாரத்தில் பறந்துவிடும். இளையது மட்டும் முகூர்த்தத்தைத் தாண்டி ஒரு வாரம் இருக்கக்கூடும்.

மதுரை அத்தை
நீயே மலைக்கு எடுத்துப் போய் வளர்த்தால் என்ன?

சித்தப்பா, 7:52
அக்கா, வனத்துறைக்குச் சொல்லாமல் எடுத்துச் செல்ல 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எனக்கும் இடம் கொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இதுவரை இந்தக் குழுவில் சொன்னதில்லை. 2011இல் கோரிமேட்டில் மரம் விழுந்து கிடைத்த ஒரு புள்ளி ஆந்தைக் குஞ்சை நான் தனியாக, என் கையாலேயே ஊட்டி, பேசிப் பேசி வளர்த்தேன். அது என்னையே தாயாக எண்ணிக்கொண்டது. வெளியே விட்ட மூன்றாம் நாள், தெருவில் நின்றவர்களின் தோளைத் தேடி இறங்கியபோது கல்லடி பட்டு இறந்தது. அதைக் கொன்ற பிழை என்னுடையது. அதன் பிறகு, தாய் இல்லாத குஞ்சாக இருந்தால் மட்டும், முகத்தை மறைத்து ஊட்டி, அதே இனத்தோடு சேர்த்து வைத்து, பெரிய கூண்டில் பறக்கவும் தானாக இரை பிடிக்கவும் பழகிய பிறகே விடுகிறேன். இங்கே தாயும் தந்தையும் இரவெல்லாம் எலி கொண்டுவருகின்றன. அவற்றைவிட நன்றாக வளர்க்க என்னால் முடியாது.

அண்ணன்
இதை எங்களிடம் சொல்லியிருக்கலாம், சித்தப்பா.

மதுரை அத்தை
இருந்தாலும் மாமிசம் தின்னும் பறவை.

சித்தப்பா
டெல்லியில் அடிபட்ட பருந்து ஒன்றை மாமிசம் தின்னும் பறவை என்பதற்காகவே ஒரு மருத்துவமனை ஏற்க மறுத்தது. அதனால்தான் நதீம் ஷெஹ்சாத், முகமது சவூத் என்னும் சகோதரர்கள் மாஞ்சா நூலில் சிறகறுந்த பருந்துகளுக்குத் தாங்களே சிகிச்சை அளிக்கத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான பறவைகள் அவர்களால் பிழைத்திருக்கின்றன.

தங்கை
பாம்பு பிடித்த இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது, பெரியம்மா.

பெரியம்மா
வங்கி வேலையை விட்டவனுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

அண்ணன்
அதை இப்போது பேச வேண்டாம். அச்சகத்தில் கேட்கிறார்கள்: பத்திரிகையில் சித்தப்பாவின் பெயருக்குக் கீழே என்ன போடுவது?

மதுரை அத்தை
வங்கி என்றே போடலாம்.

தங்கை
20 ஆண்டுகளுக்கு முன் விட்ட வேலையையா?

சித்தப்பா
பெயர் மட்டும் போதும். பரண் அறைக் கதவைச் சாத்தி, ஓட்டு இடைவெளியை அடைக்காமல் விடுங்கள். மற்ற அறைகளுக்கு இன்றே வெள்ளையடிக்கலாம். நான் நாளை மாலை இறங்கி வருகிறேன்.

அண்ணன்
ஹோமப் புகை பரணுக்குப் போகுமே? வாசலில் வைத்துக்கொள்ளலாமா?

மதுரை அத்தை
ஐயரைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வது?

பெரியம்மா, இரவு 9:48
வெள்ளையாக ஒன்று சத்தமே இல்லாமல் ஓட்டுக்குள் போனது. காலில் எலி இருந்தது. நான்கும் சேர்ந்து சீறுவது தெரு வரை கேட்கிறது. வாசல் விளக்கை அணைக்க வேண்டுமா என்று அவனைக் கேட்டுச் சொல்லுங்கள்.

சித்தப்பா, 9:49
அணைத்துவிடுங்கள், அண்ணி.